ஜீப்பை உயர்த்துவது எப்படி?



கொழும்பு மாநகரில் மோட்டார் வண்டி உதிரிப்பாகம் ஒன்று வேண்டுமென்றால், அறிந்தவர் அறியாதவர் யாவரும் சுட்டிக்காட்டும் இடம் மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தை. அங்குள்ள கடைகளின் முன்னே வில்லுத் தகடுகள் அடுக்கடுக்காகக் கிடக்கும், சுருள்வில்கள் தொங்கும், டயர்கள் தூண்களைப்போல் உயர்ந்து நிற்கும். வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் மட்டுமன்றி, மலைநாட்டிலிருந்தும் வன்னியிலிருந்தும் ஜீப் வண்டிக்காரர்கள் அங்கே வருகிறார்கள். அவர்களில் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "சற்றுப் பெரிய டயர் போட வேண்டும், அதற்காக வண்டியைச் சற்று உயர்த்த வேண்டும், செலவு அதிகமாகக் கூடாது. என்ன செய்யலாம்?" இக்கேள்விக்குரிய விடையையே இன்றைய பேச்சில் ஆராய விரும்புகிறேன்.

இது வெறும் பொழுதுபோக்குக்காரரின் கேள்வியன்று. 2020ஆம் ஆண்டில் இலங்கைக்கு வாகனங்களை இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறிற்று. பழைய ஜீப் ஒன்றை வைத்திருப்பவருக்கு அதுவே பெருஞ்சொத்து. தோட்டப் பாதையில் ஆட்களையும் மரக்கறியையும் ஏற்றிப் பிழைப்பவருக்கு அதுவே சோறு. அத்தகைய வண்டியைத் தவறான முறையில் உயர்த்திவிட்டால் பணம் வீணாவதோடு நிற்காது. ஒருபுறம் மலைச்சுவரும் மறுபுறம் பள்ளத்தாக்குமாக உள்ள பாதையில், பின்னால் அமர்ந்திருப்போர் உயிரும் அதில் அடங்கியிருக்கிறது.

முதலில் வண்டியைத் தாங்கும் உறுப்புகளைப்பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். நம் முன்னோர் ஏறிச் சென்ற வில்வண்டியை நேயர்கள் அறிவார்கள். வெறும் கட்டைவண்டியில் அச்சின் மேலேயே பாரம் அமர்ந்திருக்கும். பாதையின் ஒவ்வொரு கல்லும் பயணியின் முதுகெலும்பில் தெரியும். வில்வண்டியிலோ அச்சுக்கும் கூட்டுக்கும் இடையே வளைந்த இரும்புத் தகடுகள் உண்டு. கல்லின் குத்தைத் தகடுகள் வாங்கிக்கொள்ளும். இரண்டாம் உலகப் போர்க்காலத்து வில்லிஸ் ஜீப்பும், 1948ஆம் ஆண்டில் அம்ஸ்ரர்டாம் நகரக் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட லாண்ட்ரோவரும் இத்தகைய வில்லுத் தகடுகளின் மீதே ஓடின. பின்னாளில் சுருள்வில் வந்தது. லாண்ட்ரோவர் 1983ஆம் ஆண்டு முதல் அதனை ஏற்றது. இன்று நம் வீதிகளில் காணும் சுசுக்கி ஜிம்னியின் பிற்கால வகைகளும் சுருள்வில் மீதே நிற்கின்றன. ஆகவே உங்கள் வண்டி வில்லுத் தகட்டு வண்டியா, சுருள்வில் வண்டியா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வழியும் செலவும் அதைப் பொறுத்தவை.

அடுத்து ஓர் உண்மையை மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். வண்டியின் உயரம் என்பது ஒன்றன்று, இரண்டு. நிலத்திலிருந்து அச்சு வரையுள்ள உயரம் ஒன்று. அச்சிலிருந்து உடல் வரையுள்ள உயரம் மற்றொன்று. அச்சின் நடுவே பூசணிக்காய்போல் புடைத்து நிற்கும் டிபரன்ஷியல் பெட்டிதான் பெரும்பாலும் பாதைக் கல்லில் முதலில் மோதுவது. வில்லை எவ்வளவு உயர்த்தினாலும் அந்தப் பெட்டி ஒரு நூலளவும் உயராது. ஏனெனில் வில் உயர்த்துவது அச்சுக்கு மேலுள்ள உடலையே. பெட்டியை உயர்த்தக்கூடியது டயர் ஒன்றே. வில்லை உயர்த்துவதால் உயர்வன வண்டியின் உடலும், அடிச்சட்டமும், முன்பின் விளிம்புகளுமே. பெரிய டயர் சில்லு வளைவில் உரசாமல் சுழல இடம் கிடைப்பதும் அதனாலேயே.

டயர் எவ்வளவு உயர்த்தும் என்பதை நாமே கணக்கிடலாம். டயரின் பக்கச் சுவரில் 195/80 ஆர் 15 என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். 195 என்பது மில்லிமீற்றரில் அதன் அகலம். 80 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்பது. 15 என்பது உள்ளே இருக்கும் இரும்பு வளையத்தின் விட்டம், அங்குலத்தில். 195இல் நூற்றுக்கு 80 என்றால் 156. மேலும் கீழுமாக இரு சுவர்கள், ஆகவே 312. 15 அங்குலம் 381 மில்லிமீற்றர். கூட்டினால் 693 மில்லிமீற்றர். இதுவே டயரின் முழு விட்டம். இதற்குப் பதிலாக 235/75 ஆர் 15 டயரைப் போட விரும்பினால், அதே கணக்கின்படி அதன் விட்டம் 733 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். வித்தியாசம் 40 மில்லிமீற்றர். ஆயினும் அச்சு உயர்வது அதில் பாதியே, அதாவது 20 மில்லிமீற்றர். ஓர் அங்குலம்கூட இல்லை! இந்தச் சிறு கணக்கைப் போட்டுப் பார்த்த பின்னர், பெரிய டயர் உண்மையிலேயே தேவையா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்வோர் சிலர் இருக்கக்கூடும். அப்படிக் கேட்பது நன்று.

டயர் மாற்றம் தேவைதான் என்று கொள்வோம். வண்டியை எவ்வளவு உயர்த்துவது? இங்கேதான் பலர் தலைகீழாக நடக்கிறார்கள். முதலில் நான்கு அங்குலம் உயர்த்திவிட்டு, பிறகு அதற்கு ஒத்த டயரைத் தேடுகிறார்கள். டயரைத் தீர்மானித்து, அது உரசாமலிருக்கத் தேவையான மிகக் குறைந்த உயர்வை அளந்து அறிவதே முறை. நினைத்த அளவுள்ள டயர் ஒன்றை நண்பரிடமோ கடைக்காரரிடமோ ஒரு நாளைக்குப் பெற்று, முன்சில்லில் பூட்டிப் பாருங்கள். ஸ்டியரிங்கை இருபுறமும் முற்றாகத் திருப்புங்கள். வண்டியை மெதுவாக ஓட்டி, ஒரு முன்சில்லையும் அதற்கு எதிர்மூலையிலுள்ள பின்சில்லையும் மேட்டில் ஏற்றி, வில் முழுவதும் அமுங்குமாறு நிறுத்துங்கள். எங்கே உரசுகிறது, எவ்வளவு இடம் வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரியும். சிறிதளவு பெரிய டயருக்கு உயர்த்தவே தேவையின்றி, சில்லு வளைவின் ஓரத்தைச் சிறிது வெட்டி மடித்தாலே போதுமென்பதும் அப்போது தெரியவரலாம். அதைவிட மலிவான வழி வேறேது?

உயர்த்தியே ஆக வேண்டுமாயின், வில்லுத் தகட்டு வண்டிக்குள்ள வழிகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

மிக மலிவானது ஷக்கிளை நீட்டுவது. வில்லின் ஒரு நுனி அடிச்சட்டத்தில் நேரே பூட்டப்பட்டிருக்கும். மறுநுனி இரண்டு சிறு இரும்புப் பட்டைகளில் ஊஞ்சல்போல் ஆடும். அந்தப் பட்டையே ஷக்கிள். அச்சு வில்லின் நடுவே இருப்பதால், ஷக்கிளை 2 அங்குலம் நீட்டினால் வண்டி ஏறக்குறைய 1 அங்குலமே உயரும். இதில் ஒரு தீங்கு மறைந்துள்ளது. சைக்கிளின் முன்கவையை நோக்குங்கள். அது நேர் செங்குத்தாக இராமல் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுதான் கையை விட்டாலும் சைக்கிளை நேராகச் செலுத்துவது. மோட்டார் வண்டியின் முன்சில்லுக்கும் இதே சாய்வு உண்டு. முன்வில்லின் முன்நுனியில் ஷக்கிள் உள்ள வண்டியில் அதனை நீட்டினால், அச்சு முன்னோக்கித் திரும்பிச் சாய்வு குறைந்துவிடும். வேகமாகச் செல்லும்போது வண்டி ஓரிடத்தில் நில்லாமல் அலையத் தொடங்கும். ஆகவே முன்பக்கத்தில் ஷக்கிளை நீட்டுவதாயின் மிகச் சிறிதளவே நீட்டி, சாய்வை அளந்து சரிசெய்தல் வேண்டும்.

இரண்டாவது வழி, அச்சுக்கும் வில்லுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைப்பது. வில் அச்சின் மேலே அமர்ந்துள்ள வண்டிகளில் மட்டுமே இது உயர்வு தரும். பின்னச்சுக்கு இதைச் சிறு அளவில் ஏற்கலாம். முன்னச்சுக்கு ஒருபோதும் ஆகாது. பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்னே சாய்ந்து, அச்சை முறுக்கப் பார்க்கும். கட்டை அந்த முறுக்குக்கு நெம்புகோலாகிறது. கட்டை நழுவினால் ஸ்டியரிங் கையில் இருந்தும் பயனில்லை. ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டைகளை அடுக்குவது பின்பக்கத்திலும் கூடாது.

மூன்றாவது, வில்லில் ஒரு தகட்டைக் கூட்டுவது. இதனால் உயர்வும் வரும். பாரம் தாங்கும் வலிமையும் வரும். நாள்தோறும் மூட்டை ஏற்றும் வண்டிக்கு இது பொருத்தமானது. வெறும் வண்டியாக ஓடுபவருக்கோ வில் கடினமாகி, சில்லு பள்ளத்துக்குள் இறங்கி நிலத்தைப் பிடிக்காமல் அந்தரத்தில் நிற்கும். கரடுமுரடான பாதையில் நிலத்தைப் பிடியாத சில்லு இல்லாத சில்லே.

நான்காவது, பழைய வில்லை மீண்டும் வளைப்பது. பல ஆண்டு ஓடிய வில் தன் வளைவை இழந்து தட்டையாகிவிடும். பெரிய டயர் உரசுகிறது என்று வருந்துவோர் பலரின் வண்டியில், உண்மையில் வில்தான் தொய்ந்திருக்கும். இழந்த வளைவைத் திருப்பித் தந்தாலே வேண்டிய உயரம் கிடைத்துவிடக்கூடும். ஆனால் பட்டறை நல்லதாக இருக்க வேண்டும். வில்லைச் சூடேற்றி வளைப்பவர் அதனை எண்ணெயில் குளிர்வித்து, மறுபடி அளவாகச் சூடாக்கிப் பதப்படுத்தவும் வேண்டும். வெறுமனே காய்ச்சி அடித்து வளைத்த வில் விரைவிலேயே மீண்டும் தொய்யும். பதம் மிஞ்சினால் ஒடியும்.

ஐந்தாவது, அவ்வண்டிக்கென்றே 2 அங்குல உயர்வோடு செய்த புதிய வில் தொகுதியை வாங்குவது. முதற்செலவு அதிகம், மறுசெலவு குறைவு.

சுருள்வில் வண்டிக்கு வழிகள் இரண்டே. ஒன்று, சுருளின் தலையில் கெட்டியான வளையம் வைப்பது. வில் பழையதே, ஆதலால் ஓட்டத்தின் மென்மை மாறாது, செலவும் குறைவு. ஓர் அங்குலத்தையொட்டிய உயர்வுக்கு இது தக்கது. மற்றொன்று, நீளமான புதிய சுருள்வில். அதை வாங்குமுன் வண்டியில் எவ்வளவு பாரம் நிலையாக ஏறும் என்பதைச் சொல்லி வாங்க வேண்டும். பாரம் இரட்டித்தால் வில்லின் அமுக்கமும் இரட்டிக்கும் என்பது 1678ஆம் ஆண்டிலேயே ரொபர்ட் ஹூக் என்ற அறிஞர் விளக்கிய விதி. பாரமான வண்டிக்குச் செய்த வில்லை வெறும் வண்டிக்குப் பூட்டினால் அது அமுங்காமல் குதிக்கும்.

எந்த வழியைக் கொண்டாலும், உடல் உயரும்போது அதனோடு தொடர்புடைய யாவும் இழுபடும் என்பதை மறக்கலாகாது. முதன்மையானது பிரேக் குழாய். அடிச்சட்டத்திலிருந்து அச்சுக்கு இறங்கும் றப்பர்க் குழாய், சில்லு பள்ளத்தில் முழுவதும் தொங்கும்போது விறைத்து நிற்குமாயின், ஒருநாள் அது பிய்ந்தே தீரும். நீண்ட குழாயின் விலை டயரின் விலையோடு ஒப்பிடுகையில் அற்பமானது. ஷொக் அப்சோபரும் அவ்வாறே; பழைய குட்டையான ஷொக் அப்சோபர் வில்லை முழுவதும் விரிய விடாது. பிறகு, இயந்திரத்தின் சுழற்சியை அச்சுக்குக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் தண்டு. அதன் மூட்டுகளின் கோணம் கூடினால் அதிர்வு தோன்றும். மூட்டு விரைவில் தேயும். சுருள்வில் வண்டிகளில் அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் தண்டொன்று உண்டு. உடல் உயர, அது அச்சை ஒருபுறமாக இழுக்கும். முன்விளக்கின் ஒளியும் மேலெழுந்து எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்யும். அதையும் தாழ்த்திவிட வேண்டும். இத்தனையும் 2 அங்குலத்துக்குள் நின்றால் பெரும்பாலும் எளிதில் சரிசெய்யக்கூடியவை. அதற்கு மேலே போகப்போக, உயர்த்திய செலவைவிட, உயர்த்தியதைச் சரிக்கட்டும் செலவே பெருகும்.

டயர் பெரிதானதால் வரும் விளைவுகளும் உள. முன்கூறிய எடுத்துக்காட்டில் வேகமானி 60 கிலோமீற்றர் என்று காட்டும்போது வண்டி உண்மையில் 63க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். பெரிய டயரைச் சுழற்ற இயந்திரத்துக்குக் கூடுதல் பலம் வேண்டும். ஆகவே ஏற்றத்தில் ஒரு கியர் முன்னதாகவே இறங்க நேரிடும். அதுபோலவே அதை நிறுத்தப் பிரேக்குக்கும் கூடுதல் பலம் வேண்டும். மலையிறக்கத்தில் ஏற்கெனவே திணறும் பழைய பிரேக்கை வைத்துக்கொண்டு பெரிய டயர் போடுவது, பாரத்தைக் கூட்டிக் கயிற்றை மெலிதாக்குவதற்கு ஒப்பாகும்.

எல்லாவற்றிலும் பாரதூரமானது கவிழும் அபாயம். கணக்கின் எளிமைக்காக, இருபுறச் சில்லுகளுக்கும் இடையே 56 அங்குலமும், வண்டியின் பாரமையம் நிலத்திலிருந்து 28 அங்குல உயரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். அசையாது நிற்கும் அந்த வண்டி 45 பாகை சாய்ந்தாலே கவிழும். டயராலும் வில்லாலும் பாரமையம் இரண்டரை அங்குலம் உயர்ந்தால், ஏறக்குறைய 42½ பாகையிலேயே கவிழ்ந்துவிடும். இது அசையாத வண்டியின் கணக்கு. வளைவில் ஓடும் வண்டி, ஒருபுற வில் அமுங்க, கூரையிலே சாமான் ஆட, இதைவிட மிகக் குறைந்த சாய்விலேயே நிலைகுலையும். உயர்த்திய வண்டியின் கூரையில் மூட்டை ஏற்றுவதும் பிள்ளைகளை ஏற்றுவதும் எவ்வளவு ஆபத்தென்று நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனிக் கடைவீதிக்கு வருவோம். பழைய வில் வாங்குவோர் அதைத் துடைத்து, வெயிலிலே வைத்து, வெடிப்பு உண்டா என்று நுனி முதல் நடுத்துளை வரை பார்க்க வேண்டும். இடமும் வலமும் ஒரே வண்டியிலிருந்து கழற்றிய சோடியாக இருத்தல் வேண்டும்; அருகருகே நிறுத்தி வளைவை ஒப்பிடுங்கள். அச்சை வில்லோடு கட்டும் யூ வடிவ போல்ட்டுகளையும், வில்லின் கண்ணிலுள்ள றப்பர்ப் புஷ்களையும் புதிதாகவே வாங்க வேண்டும். இழுபட்ட போல்ட்டை மறுபடி முறுக்குவது தகாது. பாவித்த டயராயின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் பொறித்த சிறு கட்டத்தைத் தேடுங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்பது பொருள். பூ ஆழமாக இருந்தாலும், பல ஆண்டு கிடந்து வெடிப்பு விட்ட டயர் டயரன்று. மேலும், வண்டியின் அமைப்பை மாற்றுமுன் நாரஹேன்பிட்டியிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும், காப்புறுதி செய்த இடத்திலும் விசாரித்துக்கொள்ளுங்கள். அறிவிக்காத மாற்றம் விபத்துக்குப் பின் வழக்காக வந்து நிற்கும்.

செலவின் ஒழுங்கு இவ்வாறு இருக்கலாம்: முதலில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் பழுதின்றி இருக்கட்டும். அடுத்து, தொய்ந்த வில்லும் தேய்ந்த புஷ்களும் திருந்தட்டும். மூன்றாவதாக, தேவைக்கு மிஞ்சாத நல்ல டயர். நான்காவதாகவே, அந்த டயர் கேட்கும் அளவுக்கு மட்டும் உயர்வும், அதற்கேற்ற ஷொக் அப்சோபரும் பிரேக் குழாயும். கையிலுள்ள பணம் நான்காவது படிக்குப் போதாதென்றால் மூன்றாவதோடு நின்றுவிடுவதில் குறைவொன்றுமில்லை.

ஏனெனில் கரடுமுரடான பாதையை வெல்வது உயரம் மட்டுமன்று. தமிழ்நாட்டுத் தேனி மாவட்டத்திலுள்ள கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்புகள் நாள்தோறும் ஏறுகின்றன. பெருங்கற்கள் நிறைந்த அப்பாதையில் அவற்றை ஏற்றிச் செல்வன தாழ்ந்த கியரும், நான்கு சில்லுகளின் இழுப்பும், எந்தக் கல்லில் எந்தச் சில்லை வைப்பது என்றறிந்த சாரதியின் பொறுமையுமே. மன்னார்க் கரையின் மணலில் புதைந்த வண்டிக்கும் நான்கு அங்குல உயர்வு உதவாது; டயரின் காற்றைச் சிறிது குறைத்தால் அது அகன்று படிந்து மணலின் மேலே மிதந்துவரும். அதற்குச் செலவு எதுவுமில்லை. தார்வீதிக்கு ஏறுமுன் காற்றை மீண்டும் நிரப்பிக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

ஆகவே நேயர்களே, மலிவான உயர்வு எது என்று கேட்போர்க்கு என் விடை இதுதான்: விலைச்சீட்டில் குறைந்த தொகை காட்டுவது மலிவன்று, வண்டிக்கு வேண்டிய அளவோடு நின்று, மறுபடி செலவு வையாததே மலிவு. அளவுகோல் ஒன்றையும் ஒரு துண்டுத் தாளையும் எடுத்துக்கொண்டு முதலில் உங்கள் வண்டியின் கீழே குனியுங்கள். பஞ்சிகாவத்தைக்குப் பிறகு போகலாம்.